குதிரை ஓட்டத் தெரியாத கவ்பாய்

நேத்து நைட் தூக்கம் வராம மொபைல்ல 'தி கிரேட் ட்ரெய்ன் ராபரி' பாத்தேன், 1903ல வந்த ஊமைப்படம், மொத்தமே 12 நிமிஷம்தான். அதுல ஒரு பாசஞ்சர் தப்பிச்சு ஓடப் பாப்பான், சுட்டதும் பொத்துனு விழுவான். அந்த பாசஞ்சரா நடிச்சவர்தான் பின்னாடி கவ்பாய் பட ஹீரோவான ப்ராங்கோ பில்லி ஆண்டர்சன், நிஜப்பேர் மேக்ஸ் ஆரன்சன். சுடுற கும்பல்லயும் அவரே இருப்பாரு, அது வேற கூத்து!

குதிரை ஓட்டத் தெரியும்னு அடிச்சுவிட்டு சான்ஸ் வாங்கிட்டாராம், ஷூட்டிங்ல குதிரை கீழ தள்ளிவிட்டுடுச்சாம். அதே மனுஷன் 1907ல ஜார்ஜ் ஸ்பூர்கூட சேர்ந்து எஸ்ஸனேனு ஒரு படக் கம்பெனி ஆரம்பிச்சு (ஸ்பூரோட எஸ், ஆண்டர்சனோட ஏ, அவ்ளோதான் பேரு), அப்புறம் கலிபோர்னியால நைல்ஸ்னு ஒரு குட்டி ஊர்ல ஸ்டூடியோ போட்டு நூத்துக்கும் மேல கவ்பாய் படமா எடுத்துத் தள்ளிட்டாரு, 1915ல சாப்ளின்கூட அங்க வந்து நடிச்சிருக்காரு. கெட்டவனா வந்து கடைசில மனசு மாறுற ரோல்னா இவருக்கு அல்வா மாதிரி.

பேசும்படம் வர்றதுக்கு முன்னாடியே நடிப்ப விட்டுட்டாரு. 1958ல கூப்பிட்டு கவுரவ ஆஸ்கர் குடுத்தாங்க. குதிரை தள்ளிவிட்ட ஆளு 90 வயசு வரைக்கும் இருந்துட்டு 1971லதான் போய் சேந்தாரு.