ரூட்ஸ் இசை விழாவில் ஒரு வார இறுதி: கிளாஹேமர் பயிற்சிக் குறிப்புகள்

பான்ஜோ என்பது தோல் இழுத்துக் கட்டிய அமெரிக்கத் தந்தி வாத்தியம்; ஐந்து தந்திகளில் ஐந்தாவது மட்டும் குட்டை. அதை கிளாஹேமர் என்ற பழைய முறையில் வாசிக்கப் பழகுவதில் எனக்கு இடது கை அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. வலது கைதான் சொன்னபடி கேட்காது. நகத்தின் மேல்புறத்தால் ஒரு தந்தியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும், அடுத்து இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து உரச வேண்டும், கை மேலே போகிற போக்கில் கட்டைவிரல் ஐந்தாம் தந்தியைச் சுண்டிவிட வேண்டும். 'பம்-டிட்டி, பம்-டிட்டி' என்று வாயால் சொல்லிக்கொண்டே பழகுவார்கள். அறைக்குள் மெட்ரோனோமோடு (சீராகத் தாளம் தட்டும் கருவி) உட்கார்ந்தால் எனக்கும் அது ஓரளவு ஓடும். பக்கத்தில் இன்னொருவர் வாசிக்க ஆரம்பித்தால் போதும், கட்டைவிரல் எங்கேயோ காணாமல் போய்விடும். அதனால் வர்ஜீனியாவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் நடந்த இந்த ரூட்ஸ் இசை (அமெரிக்க நாட்டுப்புற மரபு இசை) விழாவுக்குப் பான்ஜோவையும் முதுகில் மாட்டிக்கொண்டுதான் போனேன். கேட்பதற்குப் பாதி, மற்றவர்களோடு உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பதற்குப் பாதி.

வெள்ளிக்கிழமை மாலை பெரிய மேடையில் ப்ளூகிராஸ் குழுக்கள், பான்ஜோ, ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) எல்லாம் வேகமாக வாசிக்கும் இசை வகை. எல்லாரும் திறமைசாலிகள்தான், ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஒன்றுதான். ஒரு குழு பழைய முறைப்படி ஒரே ஒரு மைக்கைச் சுற்றி நின்று வாசித்தது. தன் முறை வந்தவர் மைக்கை நெருங்குவார், முடித்தவர் பின்வாங்குவார், நடுவில் ஃபிடில் வில் ஒருவர் கண்ணில் படாமல் நழுவிப் போகும். ஒலிக்கலவையை ஆட்கள் நகர்ந்தே செய்துவிடுகிறார்கள். 1945 டிசம்பரில் ப்ளூகிராஸின் முன்னோடி பில் மன்ரோவின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்த பிறகு அவருடைய மூன்று விரல் முறைதான் ப்ளூகிராஸ் பான்ஜோவின் அடையாளம். நான் பழகுவது அதற்கு வெகு முந்தைய கை. ஆகவே ரசித்தேனே தவிர, என் விரலுக்கு எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியது சனிக்கிழமை காலைப் பட்டறையில் இருந்தது. நடத்தியவர் முதலில் கொண்டுவந்தது பான்ஜோவை அல்ல, அகோன்டிங்கை. மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல், காம்பியா பகுதிகளில் வாழும் ஜோலா மக்களின் கருவி அது. பெரிய சுரைக்குடுக்கை, மேலே இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், நீண்ட கழி, மூன்று தந்திகள். அதில் ஒன்று மட்டும் குட்டை. அவர் வாசிக்க ஆரம்பித்ததும் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நகம் கீழ்நோக்கி அடிக்கிறது, கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியைச் சுண்டுகிறது. நான் திண்டாடிக்கொண்டிருக்கும் அதே கை!

அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் இந்த அறிவைக் கையிலேயே சுமந்துகொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். தென் கரோலினாவில் 1785–1790 வாக்கில் ஜான் ரோஸ் வரைந்ததாகச் சொல்லப்படும் நீர்வண்ண ஓவியத்தில் ஒரு கறுப்பினத்தவர் சுரைக்குடுக்கை பான்ஜோ வாசிக்கிறார். அதன் அச்சுப்படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார், குட்டைத் தந்தியின் பிருடையை விரல் வைத்துக் காட்டினார். அந்தத் தந்தியை 1830களில் மேடைகளில் புகழ்பெற்ற வெள்ளைக்காரர் ஜோயல் ஸ்வீனிதான் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வெகுகாலம் ஓடியது. அவர் பிறப்பதற்கு முன்னால் வரைந்த படத்திலேயே அது இருக்கிறது, அப்புறம் என்ன கண்டுபிடிப்பு?

பிறகு ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே வரும் மெட்டுக் கம்பி) இல்லாத ஒரு சுரைக்குடுக்கை பான்ஜோவை ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார். தந்திகள் தளர்வாக இருந்தன, நான் வழக்கம்போல் ஓங்கி அடித்தபோது 'தொப்' என்று செத்த ஒலிதான் வந்தது. கையின் எடையை மட்டும் விழவிட்டபோது குடுக்கை தானாக முழங்கியது. என் எவ்வளவோ பயிற்சியில் கிடைக்காத பாடம் அந்தக் கருவியிடம் கிடைத்தது.

மதியம் லூசியானா குழு ஒன்றின் ஸைடிகோ, அந்த மாநிலத்துக் கறுப்பின மக்களின் ஆட்ட இசை. உடம்பில் சட்டை போல மாட்டிக்கொள்ளும் அலையலையான தகரக் கவசத்தை இரண்டு கையிலும் பாட்டில் ஓப்பனரை வைத்துத் தேய்த்து ஒருவர் தாளம் போட்டார். ஃப்ராட்வார் என்று பெயர். 1946-இல் ஸைடிகோ இசைக்கலைஞர் கிளிஃப்டன் ஷெனியே கேட்டதற்காக வில்லி லாண்ட்ரி என்ற உலோகக் கைவினைஞர் செய்துகொடுத்த வடிவம் அது. அதற்கு முன் துணி துவைக்கும் பலகையைத்தான் தேய்த்தார்கள். வெயில், கூட்டம், ஆட்டம். வேறு குறிப்பு எடுக்கவில்லை.

இனி சனிக்கிழமை இரவு. நான் போனதே இதற்குத்தான். முகாம் திடலில் கூடாரங்களுக்கு இடையே மடக்கு நாற்காலிகளைப் போட்டு வட்டம் வட்டமாக ஓல்ட்-டைம் ஜாம்கள், அதாவது ப்ளூகிராஸுக்கு முந்தைய நாட்டுப்புற மெட்டுகளைக் கூடி உட்கார்ந்து வாசிப்பது. ப்ளூகிராஸில் ஆளாளுக்குத் தனியாவர்த்தனம் உண்டு. இங்கே அது கிடையாது, எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். எட்டு அளவு (தாளச் சுற்று) கொண்ட முதல் பகுதி இரண்டு தடவை, அதேபோல் இரண்டாம் பகுதி இரண்டு தடவை, மொத்தம் 32 அளவு. முடிந்ததும் முதலிலிருந்து. திரும்பத் திரும்ப, சில சமயம் கால் மணி நேரம் வரை. வெளியிலிருந்து கேட்பவருக்கு அலுத்துப்போகலாம். வட்டத்துக்குள் விஷயமே வேறு. நாலாவது சுற்றில் மெட்டு பிடிபடுகிறது, எட்டாவது சுற்றில் யோசிப்பது நின்றுவிடுகிறது.

பான்ஜோக்காரர்கள் ஒவ்வொரு சுருதிக்கும் தந்திகளை மறுபடி சுருதி சேர்க்க வேண்டியிருப்பதால் ஒரு சுருதியைப் பிடித்தால் வெகுநேரம் அதிலேயே இருப்பது இங்கே வழக்கம். அந்த வட்டத்தில் அப்போது 'ஏ' ஓடிக்கொண்டிருந்தது. 'ஜி' சுருதியிலிருந்த பான்ஜோவில் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போவை (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) மாட்டினேன். ஐந்தாம் தந்திக்கு அது எட்டாது. அதற்காக ஏழாம் ஃபிரெட் பக்கத்தில் ஒரு குட்டி ஆணி அடித்திருக்கும், பொம்மை ரயிலின் தண்டவாளத்துக்கு அடிக்கிற ஆணி. தந்தியை அதன் கொக்கிக்கு அடியில் செருகினால் சுருதி சேர்ந்துவிடும்.

வெளி வரிசையில் உட்கார்ந்தேன். ஃபிடில் வாசித்தவர் போட்ட வேகத்துக்கு என் இடது கை ஈடுகொடுக்கவில்லை, கட்டைவிரலும் வழக்கம்போல் கம்பி நீட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான பெண்மணி தன் பான்ஜோவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சுரத்தை விடுங்க. கட்டைவிரல் மட்டும் தவறாம வரட்டும். மெட்டு தானா வந்து ஒட்டிக்கும்" என்றார். சரி, விட்டேன். இடது கையைச் சும்மா வைத்துக்கொண்டு பம்-டிட்டி மட்டும். இரண்டு மெட்டுகள் அப்படியே போயின. மூன்றாவதில் ஒரு சுரம், பிறகு பகுதி முடிகிற இடத்தில் இன்னொன்று என்று கை தானாகச் சேர்த்துக்கொண்டது. எப்போது முடிப்பது என்று யாரும் சொல்வதில்லை. ஃபிடில்காரர் உட்கார்ந்தபடி ஒரு காலை முன்னே நீட்டித் தூக்குவார், அதுதான் கடைசிச் சுற்று. அந்தக் கால் தூக்கியபோது அத்தனை பேரோடு நானும் ஒரே அடியில் நின்றேன். இந்த விழாவில் எனக்குப் பிடித்த கணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஞாயிறு காலை ஷேப்-நோட் பாடலுக்கு, அதாவது சுரங்களை வடிவங்களால் எழுதிக் கூட்டாகப் பாடும் பக்திப் பாடலுக்கு, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வேடிக்கை பார்க்க அங்கே இடமே கிடையாது. நாற்காலிகளை நாலு பக்கமும் உள்நோக்கிச் சதுரமாகப் போட்டிருந்தார்கள், பக்கத்துக்கு ஒரு குரல் வகை: டெனர், ட்ரெபிள், ஆல்டோ, பேஸ். வந்தவர்கள் எல்லாரும் பாடகர்கள். 1844-இல் ஜார்ஜியாக்காரர்கள் தொகுத்த 'தி சேக்ரட் ஹார்ப்' என்ற புத்தகத்தின் வழிவந்த பதிப்பைக் கையில் கொடுத்து என்னை டெனர் பக்கம் உட்காரவைத்தார்கள், முக்கிய மெட்டு அங்கேதான் என்பதால். ஏழு சுரத்துக்கு நாலே பெயர்கள், பெயருக்கு ஒரு வடிவம்: ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி வைரம். ஒவ்வொரு பாட்டையும் முதலில் இந்தப் பெயர்களாலேயே பாடிவிட்டு அப்புறம்தான் வார்த்தைகளுக்குப் போகிறார்கள். சுரம் பாடிவிட்டுச் சாகித்தியத்துக்குப் போகும் கீதம் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. குரலைத்தான் யாரும் மெழுகுவதில்லை, நெஞ்சைத் திறந்து கத்துகிறார்கள். ஒரு பாட்டுக்கு என்னைச் சதுரத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாலு பக்கத்துக் குரலும் அங்கே வந்துதான் மோதுகிறது. அப்படிப்பட்ட ஒலி எந்த மேடை முன்னாலும் எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பி வந்த பிறகு பயிற்சியை மாற்றிவிட்டேன். முதல் பத்து நிமிடம் இடது கைக்கு வேலை கிடையாது, பம்-டிட்டி மட்டும், கை எடையை விழவிட்டு. மெட்ரோனோமுக்குப் பதில் மெதுவான ஜாம் பதிவுகளோடு வாசிக்கிறேன், ஏனென்றால் மனிதர்கள் மெட்ரோனோம் மாதிரி ஓடுவதில்லை. மிதமான வேகத்தில் கட்டைவிரல் இப்போது ஓடிப்போவதில்லை, வேகம் ஏறினால் இன்னும் தடுமாற்றம்தான். சுண்டுவதற்குப் பதில் கட்டைவிரலை உள் தந்திகளுக்கு இறக்கும் டிராப்-தம்பை அடுத்து எடுக்கலாம் என்றிருக்கிறேன். நகம் வேறு நடுவில் உடைந்துவிட்டது. பிங்-பாங் பந்தை வெட்டி நகத்தின் மேல் ஒட்டிக்கொள்வதாக முகாமில் ஒருவர் காட்டினார், அதையும் செய்து பார்க்க வேண்டும்.