தண்ணி இல்லாத இன்ஜின்

அக்கா பையன் லீவுக்குக் காட்பாடி வந்திருக்கிறான். நேற்று மதியம் திண்ணையில் இரண்டு பொம்மைக் கார்களை வைத்துவிட்டு, “மாமா, நிஜத்துல ஒண்ணுதான் கிடைக்கும்னா எது எடுப்ப?” என்றான். ஒன்று நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34, பெயிண்ட் உரிந்த நீலம். இன்னொன்று போர்ஷே 993 டர்போ.

இரண்டுக்கும் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. ஆனால் குணம் வேறு. ஜப்பான் கம்பெனிகள் 280 குதிரைத்திறனுக்கு மேல் கணக்குக் காட்டுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்த காலம் அது. ஜிடி-ஆரும் 280 என்றே சொல்லிக்கொண்டது. நிஜத்தில் அதைவிடக் கூடுதல். இன்ஜினின் உடம்பு (பிளாக்) கெட்டியான வார்ப்பிரும்பு என்பதால் மெக்கானிக்குகள் 600 வரை ஏற்றிவிட்டார்கள். 1999-லேயே டேஷ்போர்டில் திரை வைத்து டர்போ அழுத்தம், ஆயில் சூடு எல்லாம் காட்டியது.

ஜெர்மன்காரன் போர்ஷேக்கு அந்தக் கூச்சமே இல்லை, நேராக 408. இன்ஜின் பின்னால். ரேடியேட்டரும் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் குளிர்விக்கும். போர்ஷேயின் 911 வரிசையில் ஒரு தலைமுறைதான் 993; 1998-ல் அது நின்றதோடு 911-ல் ஏர்கூல்டு கதை முடிந்தது. அதனால்தான் இன்று அவ்வளவு விலை. நம்ம பாலாறு மாதிரி, தண்ணி இல்லாமலே பேர் வாங்கிய வண்டி!

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் அதை நிறுத்திப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. ஜிடி-ஆருக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கம், சரி, அதுதான் என்றேன்.

பையன் நம்பவில்லை. போர்ஷேயை வெயிலில் கருங்கல் படியில் வைத்தான். ஐந்து நிமிஷம் கழித்துத் தொட்டுவிட்டு, “ஆமா மாமா, சுடுது.”