ஏஎன்-26: சூட்சுமம் பின்கதவில்

ஏஎன்-24 பயணிகள் விமானத்தின் வால்பகுதியைத் திருத்தி, கீவ் நகர அன்டோனோவ் வடிவமைப்பாளர்கள் 1969-இல் பறக்கவிட்டது ஏஎன்-26 சரக்கு விமானம். சூட்சுமமே பின்கதவில்தான். கீழே இறக்கினால் ஜீப் ஏறும் சாய்தளம். அதையே விமானத்தின் வயிற்றுக்கு அடியில் முன்னோக்கி நகர்த்திவிட்டால் வாசல் முழுசாகத் திறந்துகொள்ளும். லாரியை ஒட்டி நிறுத்தி, தட்டிலிருந்தே பெட்டிகளை உள்ளே தள்ளலாம். பாராசூட்டில் சரக்கு போடவும் இதே ஏற்பாடுதான். சுமை 5.5 டன்.

வலது எஞ்சின் கூட்டின் பின்புறம் ஒரு சின்ன ஜெட் எஞ்சின் ஒளிந்திருக்கிறது. விமானத்தின் விசிறிகளைச் சுழற்றும் ஏஐ-24 டர்போப்ராப் எஞ்சின்களைக் கிளப்புவது அதன் வேலை. மேலெழும்போது சுமார் 800 கிலோ உந்துவிசையும் தரும். வெயில் கொளுத்தினால் காற்றின் அடர்த்தி குறையும், டர்போப்ராப்பும் தளர்ந்துபோகும். அந்த நேரம் பார்த்து ஒரு எஞ்சின் நின்றால், கைகொடுப்பது இந்தக் குட்டிதான்.