என் மாத்திரையும் நண்பனின் அம்மாவும்

ஒன்பது வருடமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு சிரோலிமஸ் மாத்திரை போடுகிறேன். அக்கா கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க. போன வாரம் கல்லூரி நண்பன் போன் செய்தான். "டேய், நீ சாப்பிடுற மாத்திரை அம்மா வியாதிக்கும் கேட்கும்னு படிச்சேன். கொடுத்துப் பார்க்கலாமா?"

அவன் அம்மாவுக்கு ஹண்டிங்டன் நோய், பரம்பரையாக வரும் மூளை நரம்பு வியாதி. கையும் கழுத்தும் தானாக அசைகின்றன. சோறு விழுங்கவே சிரமப்படுகிறார்.

அவன் படித்தது பொய்யில்லை. இந்த மருந்தின் இன்னொரு பெயர் ராபாமைசின். 1964-ல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன குழு அள்ளி வந்த மண்ணில் இருந்த பாக்டீரியா சுரப்பது. அந்தத் தீவைச் சொந்த மக்கள் ராபா நூயி என்பார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. மாண்ட்ரியலில் சுரேந்திர நாத் சேகலின் குழு இதைப் பூஞ்சைக்கு எதிரான மருந்தாகத்தான் முதலில் பிரித்தெடுத்தது.

செல்லுக்குள் எம்டார் என்றொரு புரதம் உண்டு. சாப்பாடு தாராளமாக இருக்கும்வரை அது செல்லின் துப்புரவு வேலையை அடக்கியே வைத்திருக்கும். ராபாமைசின் எம்டாரைக் கட்டிப்போட்டால், பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்து செல் தன் வேண்டாத சரக்கை ஒரு பைக்குள் சுற்றி, லைசோசோம் என்ற தன் செரிமானப் பையில் கொட்டிச் செரித்துவிடும். இதுதான் ஆட்டோஃபேஜி. ஈஸ்ட்டில் இதன் மரபணுக்களைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது.

ஹண்டிங்டனில் தப்பாக மடிந்த புரதம் நரம்பு செல்களில் கட்டி கட்டியாகச் சேர்கிறது. புரதங்களை நறுக்கும் புரோட்டியசோமின் வாய் மிகக் குறுகல், கட்டி அதில் நுழையாது. பைக்குள் சுற்றுவதுதான் வழி. 2004-ல் கேம்பிரிட்ஜில் பிரிந்தா ரவிக்குமாரும் டேவிட் ரூபின்ஸ்டீனும் ராபாமைசினின் சகோதர மருந்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் குறைந்தன, எலிகளின் அசைவும் தேறியது.

ஆனாலும் கொடுக்காதே என்றுதான் சொன்னேன். அது எலி. எனக்கு முதல் வருடம் முழுக்க வாய்ப்புண், மோர்சாதம்கூட எரியும். கொலஸ்ட்ரால் ஏறி அதற்கும் ஒரு மாத்திரை. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் டோஸ் வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், இது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து. விழுங்கும்போது சோறு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரக்கூடிய ஒருவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "எனக்கும் இந்த வியாதி வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குல்ல" என்றான். அவன் கேள்வி அம்மாவுக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகிறார்கள். நானும் கூடப் போகிறேன்.