வளர்ப்புத் தட்டில் எத்தனால்: என்எம்டிஏ ஏற்பியை அளக்கும்போது

எத்தனால் பட்டதுமே, நரம்புச் செல்களின் சவ்விலுள்ள அயனி வாயிலான என்எம்டிஏ ஏற்பி வழியாகப் பாயும் அயனி ஓட்டம் குறையும். 50 மில்லிமோலாரில் நன்றாகவே தெரியும். 10 மில்லிலிட்டர் வளர்ப்பு ஊடகத்துக்குத் தூய எத்தனால் 29 மைக்ரோலிட்டர் போதும். ஓட்டத்தை அளக்கும்போது செல்களைச் சூழ்ந்திருக்கும் பதிவுக் கரைசலில் மக்னீசியம் கூடாது, கிளைசின் வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது ஆவியாதலில்தான். 37 டிகிரியில் திறந்த தட்டிலிருந்து எத்தனால் மளமளவெனப் போய்விடும். போதாக்குறைக்கு, பக்கத்துக் குழியிலுள்ள, எத்தனால் சேர்க்காத ஒப்பீட்டுச் செல்களும் அதைக் குடித்துவிடும்! எனவே தனித்தனித் தட்டுகள். எத்தனால் தட்டை மூடிய பெட்டியில் வைத்து, அடியில் அதே செறிவுள்ள எத்தனால் நீரை ஊற்றுங்கள். பெட்டிக்குள் 5 சதவீதக் கரியமில வாயு செலுத்தாவிட்டால் ஊடகம் காரமாகிவிடும்.

நாள்கணக்கில் ஊறிய செல்கள் ஈடுகட்டுவதற்காக ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். சட்டென எத்தனாலை நீக்கினால் கால்சியம் அளவுமீறி நுழைந்து செல்கள் சாகலாம். அதை எத்தனாலின் நேரடி நச்சு என்று எழுதுமுன், என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் எம்கே-801 சேர்த்த தட்டோடு ஒப்பிடுங்கள்.