999 பேய்களும் ஒரு லிஃப்டும்

அமெரிக்காவின் அனாஹைம் டிஸ்னிலேண்டில், ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டுச் சவாரிக்கு வரிசையில் நிற்கும்போதே மகளுக்குச் சந்தேகம். “பேய் வீடுன்னு சொன்னே, இவ்ளோ பளிச்சுனு இருக்கேப்பா?”

சரியான கேள்விதான். 1957-இல் இதற்குக் கதை யோசித்த கென் ஆண்டர்சன் பாழடைந்த வீடாகத்தான் வரைந்தார். தன் பூங்காவில் பாழடைந்த கட்டடமா என்று வால்ட் டிஸ்னி ஒத்துக்கொள்ளவில்லை. 1963-இல் வெள்ளைத் தூண்களோடு வீடு தயார். ஆனால் மக்கள் உள்ளே நடந்து போவதா, வண்டியில் போவதா என்பதுகூட முடிவாகவில்லை. 1969 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். 1966 டிசம்பரிலேயே டிஸ்னி காலமாகியிருந்தார்.

உள்ளே எண்கோண அறை. கதவு மூடியதும் சுவர்கள் நீள ஆரம்பித்தன. உண்மையில் இறங்குவது நாம்தான், அது ஒரு லிஃப்ட். சவாரி நடக்கும் கட்டடம் பூங்காவைச் சுற்றியுள்ள ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிறது. ஆட்களைத் தண்டவாளத்துக்கு அடியில் கொண்டுபோயாக வேண்டும். அந்த இக்கட்டையே காட்சியாக்கிவிட்டார்கள்!

சுவரில் மார்க் டேவிஸின் ஓவியங்கள். கோட்டும் மிடுக்குமாக ஒரு கனவான். படம் கீழே நீள நீள, பேண்ட்டைக் காணோம், வெறும் அண்டர்வேர். நிற்பதோ வெடிமருந்துப் பீப்பாய்மேல். “ஷேம் ஷேம்!” என்று மகள் கத்தினாள். டேவிஸ் கார்ட்டூன் படங்களுக்குப் பாத்திரங்கள் வரைந்தவர். சவாரியில் கதை சொல்ல நேரம் கிடையாது, வண்டி தாண்டுவதற்குள் பாத்திரம் யாரென்று புரிந்துவிட வேண்டும். அவர் படங்களில் ஒரு பார்வையில் முழுக்கதையும் இருக்கிறது.

பின்னணி ஓவியரான கிளாட் கோட்ஸ் பயமுறுத்த நினைத்தார், டேவிஸ் சிரிக்க வைக்க. தீர்ப்புச் சொல்ல டிஸ்னி இல்லை. அதனால் பயணத்தின் முன்பாதி கோட்ஸ் பக்கம், பின்பாதி டேவிஸ் பக்கம் என்று ஆனது. வசனமும் பாட்டு வரிகளும் எழுதி இரண்டையும் ஒட்டவைத்தவர் எக்ஸ் அடென்சியோ.

வண்டியில் உட்கார்ந்தால் அந்த ஒட்டு தெரிகிறது. முதலில் முடிவே இல்லாத நடைக்கூடம், அந்தரத்தில் மிதக்கும் மெழுகுவர்த்தித் தண்டு, ஒரு பேய்கூடக் கண்ணில் படாது. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் இடுகாட்டில் பேய்கள் பாட்டுக் கச்சேரி நடத்தும்போதுதான் விட்டாள். எனக்கென்னவோ கோட்ஸ் பாதிதான் பிடித்தது.

நடுவில் நடன மண்டபம். உடல் வழியே சுவர் தெரியும் ஜோடிகள் சுழல்கின்றன. 1862-இல் லண்டன் மேடையில் பெப்பர் என்பவர் காட்டிய அதே கண்ணாடி வித்தை. பொம்மைகள் நம் கண்ணுக்கு மறைவாக ஆடுகின்றன, நாம் பார்ப்பது பெரிய கண்ணாடியில் விழும் பிம்பத்தை. பிம்பத்தில் இடம் வலம் மாறிவிடும் அல்லவா, கவனித்தால் ஆணுக்குப் பதில் பெண்தான் ஜோடியை நடத்திக்கொண்டு போகிறாள். இதற்காகவே கழுத்தை நீட்டிப் பார்த்தேன், கண்ணில் பட்டுவிட்டது.

இங்கே 999 பேய்களாம், இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறதாம். வெளியேறும் வழியில் ஒரு குட்டிப் பெண் பேய், அடுத்த முறை வரும்போது மறக்காமல் டெத் சர்டிஃபிகேட் கொண்டுவரச் சொன்னது.

“அப்படின்னா என்னப்பா?”

நம்மூரில் அதை வாங்க எத்தனை தடவை நடக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் மறுபடி வரிசையில் போய் நின்றிருந்தாள்.