பிளேன் செய்யணும்னா முதல்ல தராசைத் தேடுங்க

நான் செஞ்ச முதல் ரிமோட் பிளேன் பறக்கல. பறக்கலன்னா ஏதோ கொஞ்ச தூரம் போய் விழுந்துச்சுன்னு நினைச்சுக்காதீங்க, கையை விட்டதும் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி நேரா தரைக்குப் போச்சு, அதுவும் மோட்டார் ஃபுல் த்ராட்டில்ல கத்திக்கிட்டே போச்சு. பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்த அக்கா பையன் "மாமா, இது பிளேனா இல்ல பார்சலா?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான், வாஷிங் மிஷின் வந்த அட்டைப்பெட்டியை வெட்டித்தான் அதைச் செஞ்சிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தராசுல வச்சா 1150 கிராம். நான் மனக்கணக்குல வச்சிருந்தது 700. செஞ்ச 2 வாரத்துல ஒரு தடவைகூட எடை போட்டுப் பார்க்கல, அவ்வளவுதான் விஷயம். அதனால இந்தப் போஸ்ட்ல மோட்டார் எது பேட்டரி எதுன்னு பேசுறதைவிட கிராம் கணக்கு பேசுறதுதான் அதிகமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

அட்டையில ஏன் செய்யணும்னா, ஓசியில கிடைக்குது, அவ்வளவுதான். தெர்மகோல் மாதிரி ஃபோம் ஷீட்தான் இதுக்கு நல்ல மெட்டீரியல், எடையில பாதிக்கும் கீழ வரும், பால்சா மரம் இன்னும் அருமை. ஆனா புதுசா கத்துக்குறவன் பிளேனை உடைச்சே தீருவான், உடைக்கிற பொருள் ஓசியா இருந்தா மனசு வலிக்காது. காசு முழுக்க எலக்ட்ரானிக்ஸ்லதான் போகும்: 2212 சைஸ் பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ள இருக்குற ஸ்டேட்டர் 22 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் உயரம், அதுதான் அந்த நம்பர்), 1000 கேவி, அதாவது லோடு இல்லாம ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து, 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்), 3 செல் லைப்போ பேட்டரி 2200 எம்ஏஹெச், 9 கிராம் சர்வோ (வால் பலகையை அசைக்கிற குட்டி மோட்டார்) 2, ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் ரிசீவரும், 10 இன்ச் ப்ரொப்பெல்லர். கையில இருக்குற ரிமோட்டை விட்டுட்டா இது எல்லாம் சேர்ந்து சுமாரா 300 கிராம், பேட்டரி மட்டுமே 180 கிட்ட வந்துரும். அப்ப 700-ல முடிக்கணும்னா அட்டை, பசை, டேப், குச்சி எல்லாத்துக்கும் சேர்த்து மிச்சம் இருக்கிறது 400. முதல் பிளேன்ல அந்த 400 எனக்கு 850 ஆயிருந்துச்சு.

சரி 450 கிராம் கூடினா என்ன, மோட்டார் இழுக்காதான்னு கேட்பீங்க. இழுக்கும், அந்த மோட்டார் முக்கால் கிலோவுக்கு மேல இழுக்கும். பிரச்சினை வேகத்துல. என் றெக்கை ஒரு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். 700 கிராமுக்கு அந்த றெக்கை விழாம நிக்கணும்னா மணிக்கு 27 கிலோமீட்டர் கிட்ட வேகம் வேணும், 1150-க்கு 35 கிட்ட. கையால எறியிறப்போ 27 எப்படியோ வந்துரும், அதுவும் எதிர்க்காத்து லேசா இருந்தா சுலபம், 35 எனக்கெல்லாம் வராது, ரெண்டடி ஓடிப்போய் எறிஞ்சாலும் வராது. பிளேன் வேகம் பிடிக்கிறதுக்குள்ள தரை வந்துருச்சு.

அந்த எடை எங்க இருந்து வந்துச்சுன்னு பிரிச்சுப் பார்த்தேன். முதல் குத்தவாளி பெட்டி. வாஷிங் மிஷின் பெட்டி 5 லேயர் அட்டை, உள்ள ரெண்டு வரிசை நெளி. நமக்கு வேணுங்கிறது 3 லேயர், மேல ஒரு தாள், கீழ ஒரு தாள், நடுவுல ஒரே ஒரு நெளி, அதுலயும் மெல்லிசா இருக்குறது. கையில தடவிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. 10-க்கு 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடை போடுங்க, 5 கிராம் வந்தா எடுத்துக்கலாம், 4 வந்தா அதிர்ஷ்டம், 9 வந்தா அந்தப் பெட்டியில பழைய துணி போட்டு வையுங்க. ஒத்தத் துண்டு தராசுல சரியா காட்டலன்னா 10 துண்டைச் சேர்த்து வச்சு 10-ஆல வகுத்துக்கோங்க.

ரெண்டாவது குத்தவாளி நான். அட்டைக்குள்ள இருக்குற நெளி றெக்கையோட நீளவாக்குல, ஒரு நுனியில இருந்து மறு நுனிக்கு ஓடணும், அது ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் குழாய் மாதிரி வேலை செய்யுது. குறுக்கால வெட்டினா அதே நெளி மடிப்புக் கோடா மாறிடும். பெட்டி அந்தப் பக்கம் வாகா இருந்துச்சுன்னு நான் குறுக்கால வெட்டி, அப்புறம் றெக்கை நடுவுல தொங்குதேன்னு அடியில மரச்சட்டம் வச்சு, சட்டம் ஆடுதேன்னு குளூ கன்ல ரெண்டு குச்சி உருக்கி ஊத்தி, அதுக்கு மேல டேப் சுத்தி... தப்பை மறைக்கப் போட்டது மட்டுமே 150 கிராம் இருக்கும்.

ஹாட் குளூ ஒரு போதை. ட்ரிகரை அமுக்குறது சுகமா இருக்கு, உடனே ஒட்டுது, அமுக்கிக்கிட்டே இருக்கோம். இப்ப அதை மோட்டார் பக்கமும் சர்வோ பக்கமும் மட்டும்தான் வைக்கிறேன், மத்த இடமெல்லாம் மெல்லிசா தடவுன வெள்ளைப் பசை, ராத்திரி முழுக்க புத்தக அடுக்கை அது மேல வச்சு காய விடுறது. வால் பக்கம் சுத்தமா ஹாட் குளூ கிடையாது. ஏன்னா என் பிளேன்ல வால் சிஜிக்கு (சென்டர் ஆஃப் கிராவிட்டி, பிளேன் சமமா நிக்கிற புள்ளி) 50 சென்டிமீட்டர் பின்னால இருக்கு, மூக்கு 20 சென்டிமீட்டர்தான் முன்னால, வால்ல ஒரு கிராம் கூடினா மூக்குல ரெண்டரை கிராம் வச்சாத்தான் சமமாகும். வால்ல 20 கிராம் பசை ஊத்துனா மொத்தம் 70 கிராம் கூடிப்போச்சு.

ரெண்டாவது பிளேனுக்கு றெக்கையை வேற மாதிரி செஞ்சேன். ஒரு ஷீட் முழு அகலம், அதுக்கு மேல முன்பக்கப் பாதிக்கு மட்டும் இன்னொரு ஷீட், அவ்வளவுதான், பக்கவாட்டுல பார்த்தா நடுவுல ஒரு படி இருக்கும். முன் விளிம்பைக் கொஞ்சம் நசுக்கி டேப் போட்டு உருட்டிக்கலாம். இதுக்குப் பேரு கேஎஃப் ஏர்ஃபாயில் (ஏர்ஃபாயில்னா றெக்கையோட குறுக்குவெட்டு வடிவம்), ரிச்சர்ட் க்ளைன்னு ஒருத்தர் காகித பிளேன் மடிக்கப் போய்க் கண்டுபிடிச்சது, ஃப்ளாயிட் ஃபோகிள்மன்கூட சேர்ந்து 1972-ல அதுக்குப் பேட்டன்ட்டே வாங்கிட்டாங்க. பெரிய விமானம் எதுவும் இதை எடுத்துக்கல, ஆனா நம்மள மாதிரி அட்டையும் ஃபோமும் வெட்டுறவங்களுக்கு இது வரம். வளைக்க வேண்டாம், உள்ள ரிப் (குறுக்குச் சட்டம்) வேண்டாம், ரெண்டு லேயர் சேர்ந்ததுல றெக்கை தானா விறைப்பாயிடுது. சட்டத்துக்குப் பதிலா ரெண்டு லேயர் நடுவுல நாலு மூங்கில் குச்சி, போதும்.

ஐலரான் (றெக்கையோட பின் ஓரத்துல அசையுற பலகை) வைக்கல. றெக்கையோட ரெண்டு நுனியையும் 5 சென்டிமீட்டர் மேல தூக்கி V மாதிரி ஒட்டிட்டா ரட்டரை (வால்ல இடம் வலம் அசையுற பலகை) வச்சே பிளேன் சாஞ்சு திரும்பும், கையை விட்டா தானா நேராகிக்கும். சர்வோ ரெண்டோட முடிஞ்சுது. எலிவேட்டருக்கும் (வால்ல மேல கீழ அசையுற பலகை) ரட்டருக்கும் கீல் வாங்க வேண்டாம், அட்டையோட ஒரு தாளை மட்டும் பிளேடால கீறி மறுபக்கத் தாளை விட்டு வச்சா அதுவே கீல், அது மேல டேப் ஒரு வரி. புஷ்ராடுக்கு (சர்வோவையும் அந்தப் பலகையையும் இணைக்கிற கம்பி) சைக்கிள் ஸ்போக் எல்லாம் போட்டு வால்ல எடை ஏத்தாதீங்க, ஒரு மில்லிமீட்டர் கம்பி போதும், வளையாம இருக்க நடுநடுவுல ஸ்ட்ரா துண்டுக்குள்ள விட்டு ஓட்டலாம்.

மோட்டாரை மட்டும் அட்டையில நேரா ஸ்க்ரூ போடாதீங்க, அதிர்வுல ஓட்டை பெருசாகி ஒரு நாள் மோட்டார் தனியா பறந்துரும். சின்ன பிளைவுட் துண்டுல மாட்டி, அந்தத் துண்டை ரப்பர் பேண்ட் போட்டு மூக்குல கட்டுங்க, கொஞ்சம் வலதுபக்கமும் கீழ்ப்பக்கமும் பார்த்த மாதிரி, 2-3 டிகிரி. மோதினா ரப்பர் பேண்ட் கழண்டுக்கும், ஷாஃப்ட் வளையாது. றெக்கையும் ரப்பர் பேண்ட்லதான் நிக்குது. மோட்டார் தலைகீழா சுத்தினா 3 வயர்ல ஏதாவது 2 வயரை மாத்திப் போட்டா சரியாயிடும், இதெல்லாம் ப்ரொப்பெல்லரைக் கழட்டி வச்சுட்டுப் பாருங்க. அது ரத்தம் பார்க்காம விடாது.

மொத்தம் 690 கிராம் வந்துச்சு. சிஜி றெக்கை முன் விளிம்புல இருந்து 5-6 சென்டிமீட்டர்ல, அதாவது அகலத்துல கால் பங்கும் கொஞ்சமும். அந்த இடத்துல அடியில ரெண்டு விரல் வச்சுத் தூக்கினா பிளேன் சமமா நிக்கணும், இல்ல மூக்கு லேசா குனியணும். வால் குனிஞ்சா பேட்டரியை முன்னால தள்ளுங்க, அப்படியே எறிஞ்சு பார்த்துக்கலாம்னு மட்டும் போகாதீங்க.

காத்தே இல்லாத ஒரு காலையில, ஆள் இல்லாத காலி இடமா பார்த்துப் போனோம். முதல்ல மோட்டார் ஆஃப்ல, உயரமா வளர்ந்த புல்லுக்கு மேல சும்மா கிளைடு. எறியிறது அக்கா பையன். வானத்தைப் பார்த்து எறியாதடா, தூரத்துல இருக்குற ஒருத்தர் நெஞ்சைப் பார்த்து எறியிற மாதிரி மட்டமா எறின்னு சொல்லி வச்சிருந்தேன். மூக்கைத் தூக்கித் தூக்கி அலை மாதிரி போச்சு, வால் கனம். பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் முன்னால தள்ளினதும் அடுத்த எறியில நேரா வழுக்கிக்கிட்டுப் போய்ப் படுத்துச்சு, அப்பவே எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

மோட்டார் போட்டு எறிஞ்சான். ஏறுச்சு. சும்மா ஏறுச்சுங்க. முக்கால் த்ராட்டில்ல ரெண்டு பெரிய ரவுண்டு போட்டேன், கை நடுங்குது, பையன் பின்னாலயே ஓடுறான், வெயில் பட்டு றெக்கையில 'இந்தப் பக்கம் மேலே'ன்னு அச்சடிச்சிருந்த அம்புக்குறி தெரியுது. மூணாவது ரவுண்டுல பிளேன் என்னைப் பார்த்துத் திரும்பி வந்துச்சு, அங்கதான் மாட்டினேன். பிளேன் நம்மளப் பார்த்து வர்றப்போ இடம் வலம் மாறிப்போகும், வலதுன்னு நினைச்சுத் தள்ளுனா இடதுக்குப் போகும். எந்தப் பக்க றெக்கை தாழுதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுன்னு ஒரு சூட்சுமம் உண்டு, படிச்சிருந்தேன், அந்த நேரத்துல எதுவும் ஞாபகம் வரல. புதருக்குள்ள போச்சு. றெக்கை ரெண்டா மடிஞ்சிருந்துச்சு, மத்தது எதுக்கும் ஒண்ணும் ஆகல. பசை காயுற நேரத்தைக் கழிச்சா புது றெக்கைக்கு ஆனது அரை மணி நேரம்.

அதுக்கப்புறம் வந்த தொல்லை ஈரம். பனி விழுந்த புல்லுல 2 தடவை இறக்கினேன், அட்டை தண்ணி குடிச்சு அப்பளம் நமுத்த மாதிரி ஆயிருச்சு, எடையும் 30 கிராம் கூடிருச்சு. இப்ப அடிப்பக்கமும் முன் விளிம்பும் பேக்கிங் டேப் ஒட்டுறேன், வெட்டுன ஓரத்தை மறக்காம மூடணும், தண்ணி அந்தக் குழாய் வழியாத்தான் உள்ள போகுது. ஆஸ்திரேலியாவுல சிபாக்னு ஒரு கம்பெனி கார்வோன்னு ட்ரோன் செய்யுது, 2023-ல உக்ரைன் போருக்கெல்லாம் போச்சு, அது மெழுகு பூசுன அட்டையும் ரப்பர் பேண்டும்தான். அதைக் கேள்விப்பட்டதுல இருந்து அட்டையான்னு சிரிக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல. மெழுகு நானும் ஒரு துண்டுல தேய்ச்சுப் பார்த்தேன், தண்ணி நிக்கல, ஆனா அது மேல டேப்பும் ஒட்டல.

பேட்டரியைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. 10 நிமிஷத்துக்கு மேல பறக்கும், ஆனா நான் 8-ல இறக்கிடுவேன். செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழ போக விடாதீங்க, உப்பிப்போன பேட்டரியைத் திரும்ப சார்ஜ் போடாதீங்க, சார்ஜ் போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க.

இப்ப ஓடுறது 4-வது றெக்கை. உடம்பு அதேதான், வயித்துல மூணு ஒட்டு. ஒட்டு போடுறப்போ எல்லாம் பையன் தராசுல வச்சு, தேதியும் கிராமும் ஸ்கெட்ச் பேனாவால வால்ல எழுதி வைக்கிறான், 690, 698, 711, 704. கடைசியில குறைஞ்சது எப்படின்னு கேட்டேன், "நீங்க ஊத்துன குளூவைப் பேத்து எடுத்துட்டேன் மாமா"ங்கிறான்.